ரூமுக்கு மட்டும் ஜோடி

ஜன்னலோரம் நீயே உக்காந்துக்கோ கண்ணு, எனக்கு வேண்டாம். எனக்குக் கால் நீட்டணும். இந்தப் பக்கம்னா நடுவழியில கொஞ்சம் நீட்டிக்கலாம், கண்டக்டர் வந்தா மடக்கிக்கலாம். பையா? மேல வைக்க வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். உள்ள இட்லி இருக்கு, பொடி தடவினது. ரெண்டு பேருக்குக் கட்டியிருக்கேன். இல்லை இல்லை, நான் தனியாத்தான் போறேன். கை தவறிக் கூடக் கட்டிட்டேன், அவ்வளவுதான்.

நீ திருச்செந்தூர் வரைக்கும்தானே? நல்லதாப் போச்சு. மதுரையில ஏறினதுலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன், அந்தச் செல்லைக் கட்டைவிரலாலயே என்னா வேகமா அமுக்குறே! உன்கிட்ட ஒரு சின்ன உதவி வேணும். இப்ப இல்லை, பொறு. விஷயத்தை முதல்ல சொல்லிடுறேன். விஷயம் தெரியாம அமுக்கிட்டு, அப்புறம் 'ஏன் பாட்டி'ன்னு கேக்கக் கூடாது பாரு. பாட்டின்னு கூப்பிட்டா எனக்குப் பிடிக்காது, அதையும் இப்பவே சொல்லிடுறேன். அம்மான்னு கூப்பிடு, போதும்.

என் பேரு தனபாக்கியம். ஊரு திண்டுக்கல். டெலிபோன் ஆபீஸ்ல ஆபரேட்டரா இருந்து ரிடையர் ஆனவ. அப்பெல்லாம் வெளியூருக்குப் பேசணும்னா என்னைத் தாண்டித்தான் பேசணும். பேசப் போறவன் கடன் கேக்கப் போறானா, பொண்ணு கேக்கப் போறானான்னு அவன் 'ஹலோ' சொல்றப்பவே சொல்லிடுவேன். குரல் விஷயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாது. இதை ஞாபகம் வச்சுக்கோ, பின்னாடி வேணும்.

எங்க வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் ஒரு ஊரும் பாத்ததில்லை. கேட்டா 'அடுத்த லீவுக்கு'ம்பார். அந்த லீவு வர்றதுக்குள்ள அவர் போய்ச் சேந்துட்டார். பொண்ணு வினோதினி கல்யாணமாகி பெங்களூர்ல இருக்கா. சரி, பென்ஷன் வருது, முட்டி மட்டும்தான் மக்கர் பண்ணுது, மத்ததெல்லாம் நல்லாத்தான் ஓடுது, நாமளே போவோம்னு கிளம்பிட்டேன். முதல் ஊரு ராமேஸ்வரம்.

அங்க போய் இறங்கினா, தங்க இடம் கிடைக்கலை. இடமே இல்லாம இல்லை கண்ணு, தெரு முழுக்க லாட்ஜ்தான். முதல் லாட்ஜ்ல 'எத்தனை பேரும்மா'ன்னான். 'ஒரே ஆளு'ன்னேன். திறந்த பேனாவை மூடிட்டான். 'தனி ஆளுக்கு ரூம் இல்லம்மா.' அடுத்த லாட்ஜ்லயும் அதே பாட்டு. மூணாவது இடத்துல இருந்த பையன் கொஞ்சம் இரக்கப்பட்டவன். குனிஞ்சு, மெதுவா, காரணத்தைச் சொன்னான். 'கோயில் ஊர் பாருங்கம்மா, வயசானவங்க தனியா வந்து ரூம் போட்டு ஏதாச்சும் பண்ணிக்கிட்டா, அப்புறம் நாங்கதான் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலையணும். முதலாளி வேண்டாம்னுட்டார்.'

எனக்கு வந்துச்சு பாரு கோவம்! பையைத் திறந்து கவுண்டர் மேல கவுத்தேன். 'ஏன்டாப்பா, சாக வந்தவ முட்டி வலித் தைலத்தைப் பெரிய பாட்டிலா வாங்கிட்டா வருவா? திரும்பிப் போற டிக்கெட்டு கூட எடுத்து வச்சிருக்கேன், பாரு'ன்னு கேட்டேன். அவன் தைலத்தைப் பாத்தான், என்னைப் பாத்தான், 'ரூல்ஸும்மா'ன்னான்.

அப்படியே தர்றவன் இருந்தாலும் மூணாவது மாடியில தர்றான். லிஃப்ட் இருக்கான்னு கேட்டா, இருக்குன்னு பெருமையாச் சொல்லுவான். போய்ப் பாத்தா, லிஃப்டுக்குப் போறதுக்கே படி ஏறணும். பாத்ரூம் எப்படின்னு கேட்டா, குந்தி உக்கார்றதுதான். நான் குந்தினா அப்புறம் தீயணைப்பு வண்டிதான் வரணும். எல்லா வசதியும் இருக்கிற பெரிய ஓட்டல் ஒண்ணு இருந்துச்சு. அங்க ஒரு நாள் வாடகைக்கு எனக்கு ஒரு மாச மளிகை வாங்கிடலாம்.

அப்படியே நொண்டிக்கிட்டு நாலாவது லாட்ஜுக்குப் போனேன். வாசல்ல ஒரு மனுஷன் குனிஞ்சு படியை அளந்துக்கிட்டிருக்கார். நெசமாத்தான் சொல்றேன், கையில இரும்பு டேப்பு. சட்டைப் பையில ரெண்டு பேனா. என் வயசுதான், இல்லை, என்னை விடக் கூடத்தான் இருக்கும். அளந்துட்டு உள்ள போய்க் கவுண்டர்ல கேட்டார். கவுண்டர்காரன் சொல்றான், 'கீழ ஒரே ஒரு ரூம்தான் சார் இருக்கு. ஃபேமிலி ரூம். முன்னாடி ஒரு அறை, உள்ள ஒரு அறை, நடுவுல கதவு. தனி ஆளுக்குத் தர முடியாது.' உடனே அந்த மனுஷன் கேட்டார், 'ஏம்ப்பா, என் சம்சாரம் செத்தது என் தப்பா? அவ இருந்தா குடுப்பே, இல்லைன்னா குடுக்க மாட்டியா?'

அந்தக் குரல்ல பொய் இல்லை கண்ணு. எனக்குத்தான் குரல் தெரியுமே. அதோட என் முட்டி வேற விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. வாய் தானாச் சொல்லிருச்சு. 'என்னங்க, ரூம் கிடைச்சுதா இல்லையா?'

கவுண்டர்காரன் முழிக்கிறான். 'சார், இப்பத்தானே சம்சாரம் செத்துட்டாங்கன்னு சொன்னீங்க?'

நான் விடுவேனா? 'ஓகோ! ஒரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள எனக்குக் கருமாதியே பண்ணிட்டீங்களா?'

அவர் திரும்பி என்னைப் பாத்தார். அப்புறம் ஆரம்பிச்சார் பாரு! 'பின்னே? டீ குடிக்கப் போனவளை இவ்வளவு நேரமாக் காணோம். நான் வெயில்ல நின்னு வெந்துக்கிட்டிருக்கேன்!'

'குடையை பஸ்ல விட்டுட்டு வந்தது யாரு?'

'உன் மடியிலதானே இருந்துச்சு!'

'என் மடியில உங்க பை இருந்துச்சு, உங்க செருப்புப் பொட்டலம் இருந்துச்சு, குடைக்கு எங்க இடம் இருந்துச்சு?'

'சார், சார், போதும் சார்'ன்னு கவுண்டர்காரன் சாவியை எடுத்து நீட்டிட்டான். அவர் ஆதாரை மட்டும் வாங்கிக்கிட்டான், என்கிட்ட ஒண்ணுமே கேக்கலை. புருஷன் பொண்டாட்டின்னு அதுக்கு மேல யார் நிரூபிக்க முடியும்?

ஏன் கண்ணு அப்படிப் பாக்குறே? நடுவுல கதவு இருக்குன்னு சொன்னேன்ல? நான் உள் அறையில, தாழ்ப்பாப் போட்டு, அதுக்கு முன்னாடி நாற்காலியை வச்சு, நாற்காலி மேல பையை வச்சுட்டுத்தான் படுத்தேன். அவர் முன்னாடி அறையில. அவ்வளவுதான். காலையில எழுந்து கதவைத் திறந்தா, பாத்ரூம் வாசப்படியில ஒரு செங்கல் கிடக்குது. மேல சாக்கு சுத்தியிருக்கு. 'படி உயரம் ஜாஸ்தி மேடம். நீங்க நடக்கிறதைப் பாத்தேன். இப்ப ரெண்டு படியாயிருச்சு'ன்னார். அவர் பேரு அமிர்தலிங்கம். ராஜபாளையம். சர்வேயரா இருந்தவர். ஊர் ஊரா நிலம் அளந்து அளந்து, ரிடையரான பிறகும் கை சும்மா இருக்க மாட்டேங்குது.

காப்பி குடிக்கிறப்ப ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். அவருக்கும் ஊர் சுத்தணும், அவருக்கும் எங்க போனாலும் இதே கதைதான். ரெண்டு பேர் ரூமை எடுத்து வாடகையை ரெண்டாப் பிரிச்சுக்கிட்டா மலிவு. தரைத்தளம் கிடைக்கும். வேற ஒண்ணும் கிடையாது. நான் கறாராச் சொல்லிட்டேன். 'சாமி கும்பிடுறது தனித்தனி. சாப்பாடு தனித்தனி. ரூமுக்கு மட்டும்தான் ஜோடி.' அவரும் சரின்னார்.

அதை இன்னிக்கு வரைக்கும் மீறலை. சாமி கும்பிடுறது தனித்தனிதான். ஆனா கோயில்ல வரிசை ஒண்ணுதானே இருக்கு, அதனால ஒண்ணாத்தான் நிக்க வேண்டியிருந்துச்சு. சாப்பாடும் தனித்தனிதான். ஆனா ஓட்டல்ல ரெண்டு பேர்னா டேபிள் சீக்கிரம் கிடைக்குது, அதுக்கு நாம என்ன பண்றது?

அப்புறம் சிதம்பரம் போனோம். அங்கதான் மாட்டப் பாத்தோம். ரெண்டு பேருக்கும் பிரயாணக் களைப்பு, சண்டை போட மறந்துட்டோம். 'நீங்க உக்காருங்க மேடம்'ங்கிறார் இவர். 'பரவாயில்லை சார், நீங்க உக்காருங்க'ங்கிறேன் நான். கவுண்டர்ல இருந்த பெரியவர் கண்ணாடிக்கு மேல பாத்து, 'நீங்க நெசமாவே புருஷன் பொண்டாட்டியா? இவ்வளவு மரியாதையாப் பேசிக்கிறீங்க'ன்னு கேட்டார். நான் சட்டுன்னு, 'மாத்திரை டப்பாவை எங்க வச்சீங்க?'ன்னு ஒரு அதட்டு அதட்டினேன். இவர், 'எல்லாத்தையும் நான்தான் பாத்துக்கணும்னா நீ எதுக்கு?'ன்னார். பெரியவர் முகம் தெளிஞ்சுபோச்சு. சாவியைக் குடுத்துட்டார்.

அதுலேர்ந்து என்ன பண்ணுவோம்னா, இறங்கிக் கொஞ்ச நேரம் பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்து சண்டையை ஒத்திகை பாத்துக்குவோம். எந்த ஊருல எதைப் பத்திச் சண்டைன்னு பேசி வச்சுக்குவோம். சாதாரணமா அவர் என்னை 'மேடம்'னுதான் கூப்பிடுவார். கவுண்டர் பக்கத்துல வந்தா மட்டும் 'பாக்கியம்'. நான் 'என்னங்க'. சாவி கைக்கு வந்ததும் மறுபடி மேடம், சார். அதுல ரெண்டு பேருமே கண்டிப்பு.

எல்லா லாட்ஜ்லயும் நடுக்கதவு இருக்குமா? இருக்காது. அதுக்கு அவர் பையில கயிறு வச்சிருக்கார். ரூமுக்குள்ள நுழைஞ்சதும் டேப்பை எடுத்து நீளத்தை அளப்பார், பாதியில புள்ளி வைப்பார், கொடி கட்டி வேட்டியைத் தொங்க விட்டுருவார். அதுதான் எல்லை. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அப்புறம் கட்டில் உயரம், பாத்ரூம் படி, கைப்பிடி, குழாய் எல்லாம் அளந்து சரி பாத்துட்டுத்தான் என்னை உள்ளேயே விடுவார். உயரம் சரியில்லைன்னா கவுண்டருக்குப் போய் ஒரு சண்டை, இது நெசச் சண்டை.

அந்த மனுஷனால எனக்கு எவ்வளவு தொந்தரவு தெரியுமா? பேப்பரை நாலா எட்டா மடிச்சு மடிச்சு வைப்பார், அப்புறம் என்னால படிக்கவே முடியாது. ஃபேனை அணைச்சுடுவார். காப்பியில சர்க்கரை போடாதேம்பார். குறட்டை விடுறதுல அந்த வேட்டி ஆடும், பாத்துக்கோ. திண்டுக்கல்லுக்குத் திரும்பி வந்தா வீடு கப்சிப்புனு கிடக்கும், எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது. ஃபேன்ல ஏதோ கோளாறு, முன்னாடி நல்லாச் சத்தம் போடும், இப்பப் போட மாட்டேங்குது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவன் ஃபேன் நல்லாத்தாம்மா இருக்குன்னுட்டுப் போயிட்டான். இந்தக் காலத்துல எவனுக்கு வேலை தெரியுது?

கும்பகோணத்துலதான் ஒண்ணு நடந்துபோச்சு. அன்னிக்குச் சண்டைக்குக் குடையைப் பத்திப் பேசுறதுன்னு முடிவு. எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. எனக்குக் கொஞ்சம் வேகம் வந்துருச்சு. 'உங்களைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷமா நான் எந்த ஊரைக் கண்டேன்?'னு சொல்லிட்டேன். அது ஒத்திகையில இல்லாத வசனம். அவர் குடை வசனத்தையே மறந்துட்டார். அப்படியே நின்னுட்டார். கவுண்டர்காரனே பயந்துபோய்ச் சாவியைக் குடுத்து, 'விடுங்கம்மா, வயசான காலத்துல'ன்னான்.

சாயங்காலம் என்கிட்டச் சொல்லாமலே கிளம்பிட்டார். மகாமகக் குளத்துப் படியில போய் உக்காந்தார். நானும் பின்னாடியே போனேன். அங்கதான் சொன்னார். 'அவளும் இதே வார்த்தையைத்தான் சொல்லுவா மேடம். ஊர் ஊராப் போய் நிலத்தை அளந்தேன். அவளை ஒரு ஊருக்கும் கூட்டிட்டுப் போகலை. கேக்குறப்பல்லாம் பேசாம டேப்பை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டேன்.'

நானும் அவர் பக்கத்துல படியில உக்காந்துட்டேன் கண்ணு. ஏன்னா அந்த வசனம் நான் புதுசா யோசிச்சது இல்லை. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லித் தேஞ்சது. அதுக்கு மட்டும் அவரும் பதில் சொன்னதில்லை, பேப்பரைத் தூக்கி முகத்தை மறைச்சுக்குவார். இத்தனை வருஷம் கழிச்சு, அந்தக் கேள்விக்கு ஒரு ஆளு பதில் சொல்லிட்டார். யாரோட புருஷனோ சொல்லிட்டார். நான் அழுதேன், மறைக்கலை. அவர் கைக்குட்டையை எடுத்து நாலா எட்டா இருந்ததைப் பிரிச்சுக் குடுத்தார். ரெண்டு பேரும் இருட்டுற வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்தோம்.

சரி, அதை விடு. முட்டி வலியோட படியில உக்காந்தா எழுந்திரிக்க முடியாம கண்ணுல தண்ணி வர்றது சகஜம்தான்.

இப்ப பிரச்சனைக்கு வர்றேன். போன மாசம் திருவண்ணாமலை போனோம். ஆட்டோவை விட்டு இறங்கினதும் நான்தான் முதல்ல பாத்தேன். லாட்ஜ் வாசல்ல புதுசா பெயிண்ட் வாசனை போகாத போர்டு. 'தனி நபர்களுக்கும் அறை உண்டு. மூத்த குடிமக்களுக்குத் தரைத்தளம், வாடகையில் சலுகை.' எனக்குக் கால் அங்கேயே நின்னுருச்சு. எதுக்குன்னு கேக்குறியா? என்னன்னு சொல்றது, ஒரு பழக்கம் நல்லாப் போய்க்கிட்டிருக்கிறப்ப இவன் ஏன் நடுவுல வந்து போர்டு வைக்கிறான்? அந்தக் கோவம்தான்.

அவர் ஆட்டோக்காரருக்குக் காசு குடுத்துக்கிட்டிருந்தார். அவர் திரும்புறதுக்குள்ள நான் போர்டுக்கு முன்னாடி போய் நின்னு குடையை விரிச்சுட்டேன். பெரிய குடை. போர்டு முழுசா மறைஞ்சுபோச்சு.

'என்ன மேடம், குடை?'ன்னார்.

'தூறுது'ன்னேன்.

அண்ணாந்து பாத்தார். ஒரு பொட்டு மேகம் கிடையாது, கண்ணு கூசுற வெயில். 'ஆமா, தூறுது'ன்னார். நம்பிட்டார்! அவ்வளவு வெகுளி. அதோட விட்டாரா, கண்ணாடியில தூறல் பட்டிருச்சுன்னு கழட்டித் துடைச்சுச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். எனக்கு உயிரே வந்துச்சு. கண்ணாடி இல்லைன்னா அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது, பாவம்.

உள்ள போனோம். அந்தக் கவுண்டர்காரன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கானா? 'சார், உங்களுக்குத் தனித்தனியா வேணும்னாலும் ரெண்டு ரூம்…'னு ஆரம்பிச்சான். நான் செத்தேன்னு நினைச்சேன். இவர் மேஜையில ஓங்கி ஒரு தட்டு தட்டினார். 'ஏன்யா, குடும்பத்தைப் பிரிக்கப் பாக்குறியா? பாக்கியம், இவன் என்ன கேக்குறான் பாத்தியா?' அன்னிக்கு நாங்க ஒத்திகையே பாக்கலை. நானும் சேந்துக்கிட்டு, 'எத்தனை வருஷக் குடித்தனம்னு தெரியுமா உனக்கு?'ன்னு ஏறிட்டேன். அந்தப் பையன் கையெடுத்துக் கும்பிட்டுட்டான்.

ரூமுக்கு வந்ததும் அவர் வழக்கம்போல டேப்பை எடுத்து அளந்தார். சின்னச் சின்ன எழுத்து அந்த டேப்புல, கண்ணாடி போடாமலே கடகடன்னு படிச்சுக் கயிறு கட்டினார். எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. அப்புறம் நானே நினைச்சுக்கிட்டேன், சர்வேயர் இல்லையா, கையே படிக்கும் போல. ஆனா அன்னிக்குக் கொஞ்சம் தப்பா அளந்துட்டார். என் பக்கம் பாதிக்கு மேல வந்துருச்சு. ஃபேனும் ஜன்னலும் என் பக்கம். 'சார், கோடு தள்ளியிருக்கே'ன்னேன். 'இருக்கட்டும் மேடம்'னார். வயசாகுதுல்ல, அவருக்கும் தடுமாற்றம் வருது.

சிரிக்காதே கண்ணு. போர்டை மறைச்சது தப்புத்தான். ஆனா அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சா 'அப்ப இனிமே தனித்தனியாப் போகலாமே மேடம்'னு சொல்லிட்டா? மரியாதைக்காரர், சொல்லிடுவார். சொல்லிட்டா அப்புறம் நான் என்னன்னு பதில் சொல்றது? என்கிட்ட யார் காப்பியில சர்க்கரை போடாதேன்னு… விடு. எல்லாம் வாடகை விஷயம்தான்.

அந்தத் தொல்லை முடிஞ்சுதுன்னு பாத்தா, என் பொண்ணு ஒரு வேலை பண்ணிட்டா. அவகிட்ட நான் தனியாத்தான் போறேன்னு சொல்லியிருக்கேன். பொய் இல்லையே, பஸ்ல தனியாத்தானே வர்றேன். அவளுக்கு அம்மா ஒண்டியா அலையுறாளேன்னு கவலை. திருச்செந்தூர்ல புதுசா ஒரு ஓட்டல் வந்திருக்காம், வயசானவங்களுக்குன்னே கட்டினதாம். அங்க எனக்கு ஒரு ரூம் போட்டுட்டா. 'லிஃப்ட் இருக்கும்மா, சுவத்துல கைப்பிடி இருக்கும்மா, வெந்நீர் இருக்கும்மா, வாடகையும் கம்மிம்மா, தனியா வர்றவங்களுக்கும் தர்றாங்கம்மா'ன்னு நேத்து போன்ல ஒரே சந்தோஷம். 'இனிமே உனக்கு ரூம் கவலையே இல்லை'ங்கிறா. நானும் 'சரிம்மா'ன்னு போனை வச்சுட்டேன். நல்ல பொண்ணுதான். ஆனா பெத்தவளைக் கேக்காம இப்படியா ஒரு காரியம் பண்ணுவாங்க?

இதான் அந்தச் செல்லு. இதுக்குள்ளதான் அந்த ரூம் இருக்குங்கிறா. நீதான் பாத்து இதை அழிச்சுக் குடுக்கணும். நானே முயற்சி பண்ணினேன், இன்னொரு ரூம் போட்டுரும் போல இருந்துச்சு, பயந்து வச்சுட்டேன். பொண்ணுக்குத் தகவல் போகுமா? போகட்டும். கை பட்டு அழிஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கிறேன். வயசானவதானே, கை நடுக்கம்.

இரு இரு, அடிக்குது. குடு இங்க. அவர்தான்.

ஹலோ? ஆங், ஆறுமுகநேரி தாண்டியாச்சு. என்னது? ஆமா, பொடி தடவித்தான். எந்த ஓட்டல்? ஓ, அந்தப் புதுசா? சரி. சரி. அப்படியா! ஐயோ பாவம். சரி சரி, வெயில்ல நிக்காதீங்க. வந்துடுறேன்.

கேட்டியா கண்ணு கதையை? அவர் காலையிலயே வந்துட்டாராம். நான் சொன்னேனே அந்தப் புது ஓட்டல், அதே ஓட்டலுக்குப் போய் எல்லாத்தையும் அளந்து பாத்தாராம். படி, கட்டில், கைப்பிடி எல்லாம் அவ்வளவு சரியாம். ஆனா 'தனி ஆளுக்கு ரூம் இல்லை, ஜோடியா வந்தாத்தான் உண்டு'ன்னு சொல்லிட்டாங்களாம். பாத்தியா? ஏன் அப்படிப் பாக்குறே? என் பொண்ணு எனக்குத் தனியாப் போட்டாளேங்கிறியா? பொம்பளைகளுக்கு மட்டும் தனியாத் தருவாங்க போல. ஆம்பளை தனியா வந்தா இன்னும் பழைய ரூல்ஸ்தான் போல. அவர் பொய் சொல்ல மாட்டார். நான்தான் சொன்னேனே, 'ஹலோ'லயே கண்டுபிடிச்சுடுவேன். அந்தக் குரல்ல பொய்யே இல்லை.

'பாக்கியம்'னுதான் கூப்பிட்டார். கவுண்டர்கிட்ட நின்னு பேசியிருக்கார், அதான். என் காதுதான் உனக்குத் தெரியுமே, பின்னாடி நடக்கிறது எல்லாம் கேக்கும். அலைச் சத்தம் கேட்டுச்சு. சுண்டல் விக்கிறவன் சத்தம் கேட்டுச்சு. கவுண்டரைக் கடலுக்குப் பக்கத்துலயே வச்சிருக்காங்க போல. புது ஓட்டல் இல்லையா, எல்லாம் புதுமாதிரி.

பாவம் கண்ணு, அந்த மனுஷன் வேகாத வெயில்ல தனியா நிக்கிறார். சீக்கிரம் பண்ணு. கண்டுபிடிச்சிட்டியா? எங்க, காட்டு. இதுவா அது? சிவப்பா இருக்கே, அதுவா? சரி, அதை அமுக்கு.

என்ன போட்டிருக்கு? பணம் திரும்ப வராதாமா?

முழுசுமா?

வராட்டிப் போகுது. அதைப் பாத்தா முடியுமா?

மறுபடியும் என்ன கேக்குது அது? 'உறுதியா?'ன்னு கேக்குதா? அதுக்கு எதுக்குத் திரும்பி என் முகத்தைப் பாக்குறே? ஆமான்னு அமுக்கு கண்ணு.